மூன்றாம் ஓலை

…பதினொரு நாட்கள், ஆம், பதினொன்றுதான், முந்தின வாரத்துப் புதன்கிழமைக்குப் பின்னர் என் முகத்தில் பிளேடு படவில்லை, முக்காட்டுக்குள் விரலை நுழைத்துத் தாடையைத் தடவிப் பார்க்கிறேன், முதல் மூன்று நாட்கள் முள்ளாய்க் குத்தியது இப்போது வளைந்து படுத்துவிட்டது, இடப்பக்கம் அடர்த்தி மிகுதி, வலப்பக்கம் சற்றுக் குறைவு, நடுவில் நரைத்தவை ஏழெட்டு இருக்கக்கூடும்… பங்குத்தந்தை இன்னும் பிரசங்கத்தை முடிக்கவில்லை, மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரைக் கண்டித்துக்கொண்டிருக்கிறார், கண்டிக்கட்டும், எனக்குப் பிள்ளைகள் இல்லை, அந்தக் கண்டிப்பு என்னைத் தீண்டாது. எனக்கு மூன்று வரிசை முன்னால் ஊதாச் சேலை உடுத்து அமர்ந்திருப்பவள் பிரபினின் தாய், தேங்காய்ப்பட்டணத்துக்கு இப்பாலுள்ள கடற்கரை ஊரிலிருந்து முதல் பேருந்தில் வந்திருக்கிறாள், அவளுக்கு அடுத்து என் தம்பி ஆபேலின் மனைவி லீமா, லீமாவுக்கு அடுத்து ஷீஜா, என் தம்பியின் மகள், இருபத்திரண்டு வயது நிறைந்தவள், இன்றைக்கு எட்டாம் நாள் பிரபினுக்கு மனைவியாக வேண்டியவள். திருப்பலி முடிந்ததும் அனைவரும் வாசலில் நிற்பார்கள். நான் பிரபினின் தாயிடம் செல்வேன், பெண்ணின் மாமி நான் என்று சொல்வேன், முக்காட்டைத் தோளுக்குத் தள்ளுவேன், அவ்வளவே, அதற்குமேல் ஒரு சொல்லும் தேவைப்படாது. பேசாமல் நின்றே ஒரு திருமணத்தை நிறுத்தும் வல்லமை என் தாடைக்கு உண்டு… இதை நான் பெருமையோடு எண்ணுகிறேனா? பெருமையோடுதான் எண்ணுகிறேன்.

எங்கள் கடற்கரையில் பெண் பார்க்க வருவோர் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் செல்வதில்லை, தாயின் இடுப்பைப் பார்ப்பார்கள், தகப்பனின் உடன்பிறந்தாளின் முகத்தைப் பார்ப்பார்கள், மரபியல் என்ற சொல்லை ஒருநாளும் கேட்டறியாத பெண்கள் அந்த ஒரு பார்வையில் மூன்று தலைமுறையைக் கணித்துவிடுவார்கள். இதை லீமா நன்கறிவாள். ஆதலால்தான் அந்தப் புதன்கிழமை, அங்கன்வாடிக் குழந்தைகள் வீடு சென்ற பின்னர், நான் அவர்களின் எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியிட்டுக்கொண்டிருந்த வேளையில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைனி, ஒண்ணு பறஞ்சா கோவப்படப்பிடாது. பறை. கல்யாணத்தண்ணைக்கு நீங்க முன்னால வந்து நிக்கண்டாம், சமையல்பெரைப் பக்கம் நின்னா போரும், மாப்பிளைக்க அம்மைக்குக் கண்ணு இல்ல, கொக்கியாக்கும், உங்களக் கண்டா பிள்ளையயும் அப்பிடித்தான் நெனைப்பாவ. நான் தலையை உயர்த்தாமல், அப்பிடித்தானேட்டி இருக்கா உனக்க மவ என்றேன். அவள் சட்டென்று உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வாய மூடுங்க மைனி, அது மண்ணுக்க சூடு, கடக்கரைக் கருமணலுக்க கொணம், எனக்க பிள்ளைக்க ரத்தத்துல ஒரு கேடும் கெடையாது. பின்னர் குரலைத் தணித்து, இந்த ரெண்டு ஆழ்ச்சயும் வெளிய எறங்காதிய, எறங்குனா நல்லா வழிச்சிட்டு எறங்குங்க என்றாள். அவள் சென்ற பின்னர் நான் அட்டையைப் பார்த்தேன், ஒரு குழந்தையின் புள்ளியைத் தவறான மாதத்தில் இட்டிருந்தேன். அழித்துத் திருத்தினேன். அன்று மாலை பிளேடைக் காகிதத்தில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

ஓலை என்பது யாது? திருமணத்துக்கு முன்னுள்ள மூன்று ஞாயிறுகளில் மணமக்களின் பெயரைப் பீடத்திலிருந்து வாசிப்பது, தடை ஏதும் அறிந்தவர் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று ஊரைக் கேட்டுக்கொள்வது… ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு, தை மாதம், என் பெயரும் வாசிக்கப்பட்டது, பனியம்மாள் என்று, குளச்சலைச் சேர்ந்த ஞானதாசன் என்ற பெயரோடு சேர்த்து, முதல் ஓலை, இரண்டாம் ஓலை. லீமா அப்போது அடுத்த வீட்டுப் பெண், என் தோழி, பதினெட்டு வயது, காலில் தைத்த முள் எடுக்கும் சாமணத்தை அவள் அப்பனின் பெட்டியிலிருந்து கொண்டுவந்து என் தாடை முடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியவள் அவளே, வலியில் என் கண்ணீர் அவள் விரலில் வழிந்தபோது, அழாதட்டி, கல்யாணப் பெண்ணுக்க மொகம் வெண்ணெயப் போல இருக்கணும் என்று ஊதிவிட்டவளும் அவளே. மூன்றாம் ஞாயிறு சாமியார் தாளைப் புரட்டினார், வேறு இருவரின் பெயரை வாசித்தார், அடுத்து இறந்தோர் திருப்பலி விவரங்களை வாசித்தார். என் பெயர் வரவில்லை. பெண்கள் பக்கத்துத் தலைகள் அனைத்தும் காற்றில் நாணல் திரும்புவதுபோல் என் பக்கம் திரும்பின, நான் எழுந்து ஓடவில்லை, கடைசிச் செபம்வரை அமர்ந்திருந்தேன், அன்று அமர்ந்திருந்ததுதான் நான் வாழ்வில் செய்த மிகக் கடினமான செயல். ஞானதாசனின் வீட்டார் வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம், தாடியுள்ளவள், மாதந்தோறும் குளிக்காதவள், பெறமாட்டாள் என்று யாரோ சொன்னார்களாம். அடுத்த ஆண்டு அதே பீடத்தில் ஆபேலுக்கும் லீமாவுக்கும் மூன்று ஓலையும் குறைவின்றி வாசிக்கப்பட்டன. எட்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிய பின்னர், கழிவுநீர் ஓடும் வாய்க்காலைக் குறித்து எழுந்த ஒரு சச்சரவில் லீமா சொன்னாள், நான்தான் அவனுக்க அக்காகிட்ட பறஞ்சேன், இப்பம் என்ன, பொய்யா பறஞ்சேன், உள்ளதத்தானே பறஞ்சேன்? உள்ளதைத்தான் சொல்லியிருந்தாள். பிழை காண இயலாத வாக்கியம் அது.

பிழை காண நான் கற்றுக்கொண்டது பிற்பாடுதான், முப்பத்துமூன்றாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேறிய பின்னர், அறிவியல் பாடத்தில் எழுபத்தெட்டு மதிப்பெண், பட்டாணிச் செடிகளின் நெட்டையும் குட்டையும் தலைமுறைதோறும் எவ்வாறு பிரிகின்றன என்பதைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்தவள் நான். ஆயினும் அது செடிகளைப் பற்றியது என்றே கருதியிருந்தேன்… சென்ற ஆண்டு ஷீஜாவுக்கு ஐந்து மாதம் தீட்டு வரவில்லை, கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்தது, லீமா அதனைத் தேங்காய்நாரால் தேய்த்துப் புண்ணாக்கினாள், பின்னர் அச்சம் மேலிட்டு நாகர்கோவிலுக்கு மருத்துவரிடம் அனுப்பினாள், துணைக்கு என்னை. தாய் ஏன் செல்லவில்லை? ஆராவது கண்டா உங்களுக்காக்கும் சீக்குன்னு பறயுங்க மைனி, உங்களுக்கு இனி போறதுக்கு என்ன இருக்கு? சீட்டில் எழுதுவதற்கும் என் பெயரையே கொடுக்கச் சொன்னாள். ஆதலால் இன்றுவரை ஷீஜாவின் நோய் பனியம்மாள் என்ற பெயரில்தான் பதிவாகியிருக்கிறது, இரு சினைப்பைகளிலும் சிறு நீர்க்கட்டிகள் மாலைபோல் அடுக்கப்பட்டுள்ளன என்ற அறிக்கையும் என் பெயரில்தான். மருத்துவர் இளம்பெண், என்னிலும் பதினைந்து வயது குறைந்தவர், உள்ளே சென்றதும் உண்மையைச் சொன்னோம், அவர் சிரித்துவிட்டு ஒரு தாளில் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமும் போட்டுக் கோடுகளால் இணைத்தார். அப்பா வீட்டுல யாருக்காச்சும் இப்படி இருக்கா? ஷீஜா தரையைப் பார்த்தாள். நான் முக்காட்டை விலக்கினேன். அவர் என் வட்டத்தைப் பேனாவால் முழுவதும் கறுப்பாக்கினார். அப்பாவுக்கு முடி எப்பக் கொட்டுச்சு? இருபது வயதிலேயே ஆபேல் வழுக்கை, அதனை மறைக்கத் தொப்பியோடு மணமேடை ஏற எண்ணியவன் அவன், என் தாடையைப் பார்த்து ஏலே பெரிய தாத்தா வாறாரு என்று கூவியவனும் அவனே. அவனது சதுரத்தின் அருகில் மருத்துவர் ஒரு கேள்விக்குறி இட்டார். ஆண்களுக்கு இது அப்படியும் வெளிப்படலாம்னு சிலர் நினைக்கிறாங்க, இன்னும் உறுதியாகலை என்றார். உறுதியாகட்டும், ஆகாமற்போகட்டும், அந்தக் கேள்விக்குறியைக் கண்டபோது என் நெஞ்சு குளிர்ந்தது… ஒரே கொடியில் காய்த்த இருவர், ஒருவனுக்குத் தலையில் இல்லாமற்போனது மற்றவளுக்கு முகத்தில் முளைத்தது, ஊர் ஒருவனுக்குப் பெண் கொடுத்தது, மற்றவளுக்கு ஓலையை நிறுத்தியது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார், ஒரே ஒரு மரபணுவின் குற்றமல்ல, பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக, தாய்வழியிலும் வரலாம், தகப்பன்வழியிலும் வரலாம், வந்தவர்க்கெல்லாம் நோய் தோன்றியே தீரும் என்பதுமில்லை, மரபு தருவது வாய்ப்பை மட்டுமே, உடல் எடையும் உணவும் அதனைத் தூண்டும், ஆதலால் இனிப்பையும் எண்ணெயையும் குறைத்து நாள்தோறும் நடக்க வேண்டும், குழந்தை பிறக்காது என்று எண்ணுவது தவறு, தாமதம் ஆகலாம், மருந்து உண்டு. இறுதியாக என் பக்கம் திரும்பி, அன்பாகத்தான் சொன்னார், அதில் ஐயமில்லை, உங்களுக்கும் அந்தக் காலத்துல யாராவது ஒழுங்கா மருந்து குடுத்திருந்தா இந்நேரம் ரெண்டு பிள்ளை பெத்திருப்பீங்கம்மா. பெத்திருப்பீங்க. எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டார், மழை பெய்திருக்கும் என்பதுபோல், பேருந்து கிடைத்திருக்கும் என்பதுபோல்… திரும்பி வருகையில் பேருந்தில் ஷீஜா என் தோளில் சாய்ந்து அழுதாள், நான் அவளது முதுகைத் தடவிக்கொண்டே வெளியே பார்த்திருந்தேன், என்னுள் எழுந்தது இரக்கமல்ல, அதன் பெயரை அறிய எனக்குப் பேருந்து இரணியல் சேரும்வரை தேவைப்பட்டது. மகிழ்ச்சி. பெறமாட்டாள் என்று தள்ளப்பட்டவளுக்கு ஒரு வாரிசு கிடைத்துவிட்டது, லீமா பத்து மாதம் சுமந்து, லீமா பாலூட்டி, லீமா சடை பின்னி வளர்த்து, உள்ளே இருப்பதோ நான். மறுவாரமே முந்திரிக்கொத்து சுட்டேன். பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும் திட்டமாய்ச் சேர்த்து, எண்ணெயில் பொரித்து, ஒரு டப்பா நிறைய எடுத்துச் சென்றேன், வாரந்தோறும் எடுத்துச் சென்றேன். மாமி, டாக்டரு வேண்டாம்னாருல்லா? ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாது மக்கா, மாமி ஆசையா சுட்டதாக்கும். அவள் தின்றாள். நான் அவள் தின்பதைப் பார்த்திருந்தேன். அங்கன்வாடியில் பிறர் பிள்ளைகளின் எடையை மாதந்தோறும் குறிக்கும் நான் அவளது எடையை எழுதாமல் மனத்துக்குள் குறித்தேன், கோடு மேலேறியது.

இது பாவமா? பாவசங்கீர்த்தனத்தில் இதனை எவ்வாறு சொல்வது, சாமி, நான் என் தம்பி மகளுக்குப் பலகாரம் கொடுத்தேன் என்றா? …காணிக்கைப் பாடல் முடிந்தது, எழுவதும் முழந்தாளிடுவதும் உடம்பு தானாகவே செய்துகொண்டது, நற்கருணை வாங்கச் செல்கையில்கூட முக்காட்டை இறுக்கிப் பிடித்து வாயை மட்டும் திறந்தேன். திரும்பி வரும்போது ஷீஜா என்னைக் கண்டு சிரித்தாள். அவளது மேலுதட்டில் லீமா பூசியிருந்த வெளுப்புக்களிம்பால் முடிகள் பொன்னிறமாய் மின்னின. ஐந்து வயதில் அவள் என் மடியில் ஏறி என் தாடையைத் தடவி, மாமி, முள்ளு, முள்ளு என்று சிரித்த நாள்… ஒரு சனிக்கிழமை, வழிப்பதற்கு முன்னர்… நான் அவளைக் கன்னத்தில் அறைந்தேன், விரல்தடம் பதிந்தது, அவள் அழவில்லை, வியப்போடு மறுபடியும் தொட்டாள், மறுபடியும் அறைந்தேன். பதின்மூன்று வயதில் அவளது உதட்டின் மேல் முதல் நிழல் விழுந்ததைத் தாய்க்கு முன்னர் கண்டவள் நான், ஈராண்டுகள் ஒருவரிடமும் சொல்லவில்லை, விதை போட்டவன் முளைக்காகக் காத்திருப்பதுபோல் காத்திருந்தேன்.

இதோ, அறிவிப்புகள். மீன் இறங்குதளத்தில் நடைபெறும் மருத்துவ முகாம், அன்பியக் கூட்டம், கொடிமரத்துக்கு வண்ணம் பூச முன்வந்தோர்… பின்னர் சாமியார் கண்ணாடியைச் சரிசெய்தார். திருமண அறிக்கை. நம் பங்கைச் சேர்ந்த ஆபேல், லீமா தம்பதியரின் மகள் ஷீஜாவும்… முக்காட்டின் நுனியை விரலில் சுற்றினேன்… இது மூன்றாம் முறை, இவர்களது திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். வாசித்துவிட்டார். மூன்றாம் முறை என்ற சொல்லை நான் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்க விரும்பியிருந்தேன், வேறொருத்தியின் பெயரோடு கேட்டேன், வேறொருத்தியா அவள்? தடை எவை என்பதை நான் உபதேசியாரிடம் கேட்டறிந்திருக்கிறேன், நெருங்கிய இரத்த உறவு, முன்னரே நடந்த திருமணம், துறவற வாக்கு, மயிர் அந்தப் பட்டியலில் இல்லை, பெறாமையும் இல்லை, ஆகவே திருச்சபை என்னை ஒருநாளும் தடுக்கவில்லை, தடுத்தது வாசலில் நடந்த பேச்சு, நானும் இன்று வாசலுக்கே செல்வேன். லீமாவின் தோள்கள் தளர்ந்து இறங்குவதைப் பின்னாலிருந்து கண்டேன், பெருமூச்சு விடுகிறாள், மூன்று ஓலையும் முடிந்துவிட்டன என்று எண்ணுகிறாள். எண்ணட்டும்.

வாசலில் கடற்காற்று சேலைகளைப் பிடித்து இழுத்தது. பிரபினின் தாய் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள், அருகில் லீமா, சற்றுத் தள்ளி யாருடனோ பேசிக்கொண்டு ஷீஜா. நான் நேராக நடந்தேன். லீமா கண்டாள், அவளது முகம் உப்பில் கிடந்த மீனைப்போல் வெளிறியது, மைனி என்று வாயசைத்தாள். நான் பெண்ணுக்க மாமியாக்கும் என்றேன், முக்காட்டைத் தள்ளினேன். காற்று முதன்முறையாக அந்த முடிகளை அசைத்தது. பிரபினின் தாய் என் தாடையைப் பார்த்தாள், முழுதாகப் பார்த்தாள், அந்தக் கண் கொக்கி என்று லீமா சொன்னது உண்மை, பின்னர் என் கையைப் பற்றிக்கொண்டாள். இதுக்கா மைனி இம்புட்டு நாளும் மறஞ்சு இருந்திய? நாங்க ஆருக்கிட்டயும் கேக்காமலேயே பிள்ள எல்லாம் பறஞ்சாச்சு, பெண்ணு பாத்துட்டுப் போன அண்ணைக்கே, துபாய்க்கு போன்ல, எனக்க பயகிட்ட. எங்க மாமியப் போல ஆயிருவேன், சம்மதமான்னு கேட்டாளாம். அவள் சிரித்தாள், நல்ல மனத்தோடு சிரித்தாள். அவன் பறஞ்சானாம், உனக்க மாமி காலத்துல மாத்திரை இல்ல, இப்பம் உண்டும், அப்பிடியொண்ணும் ஆவமாட்ட, பயப்படாதேன்னு. அவனுக்குத்தான் என்ன பவுசு, இருபத்தேழு வயசுல மயிரு கொட்டி உச்சி வெளுத்தாச்சு, வெள்ளிக்கெழம வாறான், பாருங்க, அப்பனுக்க தலை அப்பிடியே.

லீமாவும் இதை அறிந்திருக்கவில்லை என்பது அவளது வாயின் திறப்பில் தெரிந்தது, அதில் எனக்கு ஒரு கணம் இன்பம் உண்டாயிற்று, ஒரு கணம் மட்டும்… பதினொரு நாட்கள் நான் வளர்த்த முகம் பல மாதங்களுக்கு முன்னரே கடல் கடந்து சென்று, இரண்டு பேர் நடுவில் வைத்துப் பேசப்பட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டுத் திரும்பியிருக்கிறது, ஆக மிஞ்சிப்போனால் இவ்வளவுதான் என்று காட்டும் எல்லைக்கல்லாக என்னை அவள் நட்டிருக்கிறாள், என்னைக் காட்டியே தன்னை ஏற்கச் செய்திருக்கிறாள். நான் சொல்லியிருக்கலாமே, ஞானதாசனிடம், அன்று, லீமா சொல்வதற்கு முன்னர்… எவ்வாறு சொல்வது, எந்த வாயால், எந்த போனில்? ஷீஜா ஓடிவந்தாள். சரிந்த முக்காட்டை எடுத்து என் தலையில் போட்டு, தாடையை மூடி, நுனியைக் காதோரம் செருகினாள். காத்து அடிக்கி மாமி என்றாள். அந்த விரல்கள் என் தாடையின் கீழ் சற்றே கூடுதலான நேரம் நின்றன, மறைக்கவா, தொடவா?

மாதா கெபியில ஒரு மெழுகுதிரி ஏத்திட்டுப் போவோம், எல்லாரும் பிள்ளைகளுக்காண்டி வேண்டிக்கிடுங்க என்று பிரபினின் தாய் அழைத்தாள், நடந்தோம், மாதா சொரூபத்தின் முன்னால் வரிசையாக நின்றோம், எனக்கு ஒருபுறம் லீமா, மறுபுறம் ஷீஜா. கண்களை மூடினேன். இந்தத் திருமணம் நடவாதிருக்கட்டும் என்றுதான் வேண்டுவேன் என நினைத்தேன், நாக்கு வேறொன்றை உருட்டிக்கொண்டிருந்தது, பெண் பிறக்கட்டும், மாதாவே, இவளுக்கும் அவனுக்கும் முதலில் ஒரு பெண்… மீண்டும் அதையே… பெண், ஒரு பெண்… இரு பக்கத்து இரத்தமும் ஒன்றுகூடி வரும் அந்தக் குழந்தையை நான் யாருக்காகக் கேட்கிறேன், ஷீஜாவுக்காகவா, லீமாவுக்கு எதிராகவா, எனக்காகவா? அந்தச் சிறுமியின் முகத்தில் முதல் நிழல் விழும் ஆண்டில் எனக்கு அறுபது இருக்கும், நான் உயிரோடிருப்பேனா, அருகில் இருக்க விடுவார்களா, இருந்தால் அந்தக் குழந்தையிடம் என்ன செய்வேன்… அன்பாகக் கேட்டேனா, வஞ்சகமாகக் கேட்டேனா என்று நான் பிரித்தறிவதற்கு முன்னரே அனைவரும் ஆமென் என்றார்கள், நானும் உரக்கச் சொல்லிவிட்டிருந்தேன்.